சித்தப்பா பதில்கள்: மாத்திரை டப்பா ஸ்பெஷல்

காத்திருப்பவர், கும்பகோணம்: சர்க்கரை நோய் எப்போது பூரண குணமாகும்? அதன் பிறகுதான் காசி யாத்திரை என்று இருக்கிறேன்.

காசி காத்திருக்கும், ரயில் டிக்கெட் காத்திருக்காது. எடையை நன்றாகக் குறைத்த சிலருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் நிற்பதுண்டு. அவர்களிடமும் டாக்டர்கள் ‘தணிந்திருக்கிறது’ என்பார்களே ஒழிய ‘போய்விட்டது’ என்று சொல்லமாட்டார்கள். மாத்திரையை மூட்டையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கங்கையில் எதை வேண்டுமானாலும் விடலாம், மாத்திரையைத் தவிர.

பத்தியக்காரர், ராணிப்பேட்டை: டெஸ்டுக்கு முன்னால் நாலு நாள் வாயைக் கட்டினால் ரிசல்ட் அருமையாக வருகிறது. தப்பா?

வெறும் வயிற்று டெஸ்ட் ஏமாறும். எச்பிஏ1சி டெஸ்ட் ஏமாறாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியது என்பதை அது தனக்குள் பதித்துவைத்துக்கொண்டே சுற்றும். எச்பிஏ1சி அதைத்தான் படிக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை தீபாவளியன்றும் சாட்சி சொல்லும். டாக்டருக்கு ஃபீஸும் கொடுத்து அவரை ஏமாற்றவும் பார்ப்பது நாம் மட்டும்தான்.

இயற்கை விரும்பி, பொள்ளாச்சி: வெல்லம், கருப்பட்டி, தேன் சாப்பிடலாம்தானே? இயற்கைதானே?

அரளி விதையும் இயற்கைதான். நாக்குக்கு மூன்றும் வேறு வேறு ருசி. ரத்தத்துக்கு மூன்றும் சர்க்கரை.

மூலிகை நேசர், ஏற்காடு: சிறுகுறிஞ்சான் மென்றால் சர்க்கரை ஓடிவிடுமாமே?

மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சீனி போட்டுப் பாருங்கள். வெறும் மணல்! நாக்கின் இனிப்புணர்வை அந்த இலை சற்று நேரம் மறைத்துவிடும். நாக்கையே ஏமாற்றத் தெரிந்த இலை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவரையா விட்டுவைக்கும்?

அவசரக்காரர், சேலம்: முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள்தான் மாத்திரையாம். தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகாதா?

சீக்கிரம் ஐசியுவுக்குப் போவீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் என்ற அந்த மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் போட்டு, எலும்பு மஜ்ஜை பழுதாகி இறந்தவர்கள் உண்டு. கிழமையைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். கூடவே எழுதித் தந்த ஃபோலிக் ஆசிட்டையும் விடாதீர்கள். இந்தப் பதிலில் ஜோக் கிடையாது. வேண்டுமென்றேதான்.

நண்பர் பேச்சைக் கேட்பவர், தாம்பரம்: ஸ்டீராய்டு கெடுதல் என்று நண்பர் சொன்னதால் நேற்றோடு நிறுத்திவிட்டேன். சரிதானே?

நண்பர் என்ன டாக்டரா, தரகரா? பல வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி ‘நமக்கு வேலையில்லை’ என்று படுத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் உள்ளூர்ச் சரக்கும் இல்லை, வெளியூர்ச் சரக்கும் இல்லை. ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுவார். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இப்போதே டாக்டருக்கு போன் போடுங்கள். அடுத்த பதிலை அப்புறம் படிக்கலாம்.

விரல் மடங்காதவர், மதுரை: முடக்குவாதத்தால் காலையில் விரல்கள் ஒத்துழைப்பதில்லை. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள்.

முடக்குவாதத்தில் காலை நேர இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். கையை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். துணி பிழிவது, தேங்காய் துருவுவது எல்லாம் பத்து மணிக்கு மேல். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கும் இதே நோய்தான். விரல்கள் கோணிப்போன பிறகும், 1919-ல் கண்ணை மூடும் காலம்வரை வரைந்துகொண்டிருந்தார். அவரை யாரும் தேங்காய் துருவச் சொல்லவில்லை என்பதை உங்கள் வீட்டாருக்குப் படித்துக் காட்டவும்.

லூபஸ்காரி, கோவை: பார்க்க நன்றாக இருக்கிறேன். ‘உனக்கென்ன நோய்?’ என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

கிறிஸ்டின் மிசராண்டினோ என்ற அமெரிக்கப் பெண்ணுக்கும் லூபஸ். தோழி இதையே கேட்டபோது, ஓட்டல் ஸ்பூன்களைத் திரட்டி அவள் கையில் கொடுத்தார். “இன்றைக்கு உன்னிடம் உள்ள தெம்பு இவ்வளவுதான். குளித்தாயா? ஒன்று கொடு. உடை மாற்றினாயா? ஒன்று கொடு.” சாயங்காலத்துக்கு முன்பே கை காலி. 2003-ல் இதை எழுதினார். உலகமெங்கும் நோயாளிகள் இன்று ஸ்பூன் கணக்கில் பேசுகிறார்கள். மாமியாருக்கு விளக்கும்போது மட்டும் கரண்டியை எடுக்காதீர்கள். தப்பாகப் போய்விடும்.

ஒரு நாள் புலி, நாகர்கோவில்: உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடுகிறேன். அடுத்த மூன்று நாள் படுக்கைதான்.

வலி வந்த பிறகு நிறுத்துகிறீர்கள். வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். நல்ல நாளில் கொஞ்சம் குறைவாக, கெட்ட நாளில் கொஞ்சமாவது. சார்லஸ் டார்வினை வாந்தி, வயிற்று உபாதை, தலைசுற்றல் எல்லாம் ஏறக்குறைய நாற்பது ஆண்டு படுத்தின. என்ன நோய் என்று இன்னமும் டாக்டர்களுக்குள் சண்டை. தினமும் சில மணி நேரம்தான் எழுத்து வேலை. அதில்தான் 1859-ல் ‘உயிரினங்களின் தோற்றம்’ வந்தது. எட்டு மணி நேரம் ஆபீஸில் உட்கார்ந்த நாம் என்ன எழுதினோம்? லீவ் லெட்டர்.

வயது 24, வேலூர்: இந்த வயதிலேயே சர்க்கரை. வாழ்க்கை முடிந்ததா?

வாசிம் அக்ரமுக்கு 1997-ல் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. 1999-ல் சேப்பாக்கத்தில் 12 ரன்னில் நம்மை அழவைத்த பாகிஸ்தான் அணிக்கு அவர்தான் கேப்டன். 2003 உலகக் கோப்பையில், ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் ஆளும் அவரே. முடிந்தது வாழ்க்கையா, பேட்ஸ்மேன்களா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மகள், தூத்துக்குடி: இன்சுலின் ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று அப்பா பயப்படுகிறார்.

கடைசிக் கட்டத்தில் கிடந்தவன் லியோனார்ட் தாம்சன், வயது 14. 1922 ஜனவரியில் டொரண்டோவில் அவனுக்குத்தான் முதல் இன்சுலின் ஊசி. அதற்குப் பிறகு பதின்மூன்று ஆண்டு வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். இன்றைக்கு மருந்துக்கடையில் என்ன விலை என்று என்னைக் கேட்காதே அம்மா, பிரஷர் ஏறும்.

தலைவலி இல்லாதவர், ஈரோடு: பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஒன்றுமே ஆகவில்லையே!

பிரஷர் பெரும்பாலும் வாயைத் திறக்காது. திறக்கும்போது பக்கவாதம் என்று பெயர். பணக்கார நாடுகளிலேயே நீண்டகால மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் சொன்னது. ஆக, நீங்கள் உலகத் தரத்தை எட்டிவிட்டீர்கள். வாழ்த்துகள். இப்போது மாத்திரையைப் போடுங்கள்.

மறதிக்காரர், விழுப்புரம்: மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே மறந்துபோகிறது.

ஏழு நாள் டப்பா வாங்கிப் பல் விளக்கும் பிரஷ் பக்கத்தில் வையுங்கள். குழி காலியென்றால் போட்டாயிற்று. சந்தேகத்தில் இரண்டாம் முறை போடுவது, மறப்பதைவிட ஆபத்தாகலாம். டப்பா வாங்கியதையே மறந்தால் திருமணமானவரா என்று எழுதவும். மாற்று ஏற்பாடு சொல்கிறேன்.

பக்தர், திருவண்ணாமலை: சர்க்கரைக்காரன் நான். மத்தியானம் பிராகாரம் சுற்றினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். சுட்டதே தெரியவில்லை.

தெரியாததுதான் நோய். சர்க்கரையால் நரம்பு மரத்துவிட்டது. கொப்புளத்தை உடைக்காமல் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இனி தரிசனம் விடியற்காலையில், தடித்த காலுறையோடு. இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முகம் பார்க்கும் நேரத்தில் பாதியைப் பாதத்துக்குக் கொடுங்கள். முகத்தில் இனிமேல் பெரிய மாற்றம் வரப்போவதில்லை.

நடுங்குபவர், திருப்பூர்: சர்க்கரை குறைந்து வியர்த்துக் கொட்டினால் சாக்லேட் போதுமா?

சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரே சீனி தின்னச் சொல்லும் ஒரே நேரம் இது. அப்போது போய்க் கருப்பட்டி தேடாதீர்கள்.

அழுகைக்காரி, திருச்சி: சர்க்கரை வந்ததிலிருந்து எதிலும் பிடிப்பில்லை. ‘மனசை தைரியமா வெச்சுக்கோ’ என்கிறார்கள்.

தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர்களையே கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. தினம் குத்தி, எண்ணி, அளந்து வரும் அலுப்பு வேறு. இரண்டு வாரம் தாண்டியும் விடாத இருட்டு வேறு. இரண்டாவதற்கு வைத்தியம் உண்டு. டாக்டரிடம் சர்க்கரை அளவைச் சொல்லும்போதே இதையும் சொல்லுங்கள். டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழிலும் பேசலாம். அழுவதற்கு வெட்கம் வேண்டாம் அம்மா. அறிவுரை சொல்கிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

பாவி, காஞ்சிபுரம்: நோய் போன ஜென்மத்துப் பாவமா?

பெரிய புராணப்படி திருநாவுக்கரசருக்கே சூலை நோய் வந்தது. தமக்கை திலகவதியார் பாவக் கணக்குப் பார்க்கவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப்போனார். நோயாளி வந்து நின்றால் கையைப் பிடிப்பது முதல் வேலை. ஆடிட்டிங் அப்புறம்.

கணவர், கடலூர்: மனைவிக்கு டயாலிசிஸ். நான் ஒரு சினிமாவுக்குப் போனால்கூடக் குற்ற உணர்ச்சி.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் நான்கு பேரைக் கணக்கெடுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். ஆக நீங்கள் சிகிச்சையில் கால் பங்கு. கால் பங்கு மருந்தைக் காலாவதியாக விடலாமா? வாரம் ஒரு சாயங்காலம் மச்சினரைக் கூப்பிட்டுப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் படம் பாருங்கள். படம் மோசமாக இருந்தால் குற்ற உணர்ச்சியை இயக்குநருக்கு மாற்றிவிடலாம்.

வாய் வராதவர், தர்மபுரி: பத்துக் கேள்வியோடு டாக்டரிடம் போய், ‘நல்லா இருக்கேன் சார்’ என்று திரும்பிவிடுகிறேன்.

பத்து வேண்டாம், மூன்று போதும். சீட்டில் எழுதி, முக்கியமானதை முதலில் கேளுங்கள். வெளியே போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, ‘அப்புறம் சார், நெஞ்சுல லேசா ஒரு வலி...’ என்று ஆரம்பித்தால், அடுத்து நெஞ்சுவலி டாக்டருக்கு.

சந்தேகப்பிராணி, சென்னை: ஒரே நோய் உள்ளவர்கள் கூடிப் பேசினால் பயனுண்டா? வெறும் புலம்பல்தானே?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவர் நீண்டகால நோயாளிகளுக்காக ஒரு பயிற்சி அமைத்தார். வாரம் இரண்டரை மணி நேரம், ஆறு வாரம். நடத்துகிறவர்களும் பெரும்பாலும் நோயோடு வாழ்கிறவர்களே. ஒவ்வொருவரும் அந்த வாரம் செய்யப்போகும் ஒரு சின்னக் காரியத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் ‘செய்தாயா?’ என்று கேட்பார்கள். நம்மூர் வாக்கிங் கோஷ்டியில் ‘போண்டா சூடா?’ என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

பெண்ணைப் பெற்றவர், திண்டுக்கல்: கல்யாணப் பேச்சில் பெண்ணின் சர்க்கரையைச் சொல்லலாமா?

எத்தனை சவரன் என்பதை மட்டும் கிராம் சுத்தமாகச் சொல்கிறோமே! சொல்லுங்கள். இன்சுலின் பேனாவை ஃப்ரிட்ஜில் தக்காளிக்குப் பின்னால் எத்தனை வருடம் ஒளிப்பாள்? கேட்டதும் ஓடுகிற மாப்பிள்ளை, அவருக்கே பிரஷர் வந்தாலும் ஓடுவார். முன்கூட்டியே ஓடினால் மண்டப வாடகை மிச்சம்.

க்யூவில் நிற்பவர், கிருஷ்ணகிரி: மாதாமாதம் மாத்திரைக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியவில்லை.

உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வரும். இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஒரே தெருவில் ஒரு பக்கம் பிரியாணி வருகிறது, மறுபக்கம் மெட்ஃபார்மின் வருகிறது. தொழில் தர்மம்!

தத்துவவாதி, புதுச்சேரி: நோயை நண்பனாக ஏற்றுக்கொள் என்கிறார்களே, முடியுமா?

நட்பெல்லாம் எதற்கு? மாத்திரை, நடை, பரிசோதனை என்று தினம் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். ஒரு நிமிடம் குறைக்காதீர்கள், ஒரு நிமிடம் கூட்டவும் வேண்டாம். உடம்பு அனுமதிக்கிற அளவுக்கு மீதி 23 மணி நேரமும் உங்களுடையது. அதில் நோயைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதுவது வீண். அடுத்த இதழுக்குச் சினிமாக் கேள்வி அனுப்புங்கள்.