சங்கத்துக்கு வெலாசம் எங்கப்பா?

இன்னா தம்பி, அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளர் ஆயிட்டியாமே? போட்டியே இல்லாம ஜெயிச்சியாம். அந்தப் பதவிக்கு எவன் போட்டி போடுவான்! லிப்ட் நின்னா உன்ன எழுப்புவான், லாரித் தண்ணி வரலன்னாலும் உன்னத்தான் எழுப்புவான். நல்லாயிரு.

எங்க தென்னேரிக்கு வந்த மரியாதைக்கு ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. உன் சங்கத்துக்கு வெலாசம் இன்னா? "வாட்ஸப் குரூப் இருக்குது பெரியப்பா"ங்கிற. பாத்தேன், பேரன் காட்டினான். ரோசாப்பூ போட்டு குட்மார்னிங் முப்பது, அதுக்கு நடுவுல ஒரு ஓரமா "நாளைக்குத் தொட்டி கழுவுறோம், தண்ணி வராது"ன்னு நீ போட்டது ஒண்ணு. அதுக்குக் கீழயே ஒருத்தர் மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை வைத்தியம் சொல்றாரு. மறுநாள் காலையில பாதி வீட்டுல சோப்புத் தலையோட நிக்கிறான். போன மாசம் குடிவந்தவன் பாடு அதவிட மோசம். அவன் வர்றதுக்கு முன்ன குரூப்புல போட்டது எதுவும் தானா அவன் கண்ணுல படாது.

மெயிலு? போன செயலாளர் அவரு சொந்த போன் நம்பர வச்சு ஒரு ஜிமெயில் தொறந்தாரு. பில்டருக்கு எழுதினது, மோட்டார் கம்பெனிக்கு எழுதினது எல்லாம் அதுக்குள்ளதான். இப்ப அவரு அமெரிக்காவுல. நீ கடவுச்சொல் போட்டா ஓடிபி அவரு போனுக்குப் போவுது. இங்க பட்டப்பகல், அங்க நடுராத்திரி. மனுசன் எழுந்து, கண்ணாடி தேடி, நம்பரப் படிச்சு அனுப்புறதுக்குள்ள அது செத்துப் போயிடுது. சங்கத்துச் சொத்துக்குச் சாவி ஒருத்தர் தலகாணிக்கடியில!

பாலாத்துக்கு அந்தாண்ட உத்திரமேரூர் இருக்குதே, போயிருக்கியா? காஞ்சிபுரம் வந்தா பட்டு எடுத்துக்கினு இட்லி சாப்பிட்டுத் திரும்பிடுவீங்க. அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல, முதலாம் பராந்தகன் காலத்துல, 919லயும் 921லயும் ஊர்ச்சபை போட்ட தீர்மானத்த வெட்டி வச்சிருக்கான். முப்பது குடும்பு, அதாவது உங்க பிளாக்கு மாதிரி. பேர ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, சின்னப் பையன வுட்டு எடுக்கச் சொன்னான். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒண்ணு, பொன்னுக்கு ஒண்ணு. முப்பத்தஞ்சு வயசுக்குக் கீழ இருந்தாலும் எழுபதத் தாண்டினாலும் வாரியத்துல எடம் கிடையாது. சொந்த மனையில வீடு இருக்கணும். வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாம போனவன் திரும்ப நிக்க முடியாது. அவன் மட்டுமில்ல, மச்சான், மருமவன், மாமன்னு உறவுமுறையவே வரிசையா எழுதி வெளிய நிறுத்திட்டான். உங்க பொருளாளருக்கு இதப் படிச்சுக் காட்டாத, பாவம், பிபி இருக்குதாம்.

எழுதின சங்கதி இருக்கட்டும், எங்க எழுதினான்னு பாரு. எந்த வாரியத்தான் வூட்டுப் பரண்லயும் வைக்கல. எல்லாருக்கும் பொதுவான சுவத்துல வெட்டினான். எழுதினவன் போயிட்டான், ராசாவும் போயிட்டான், ஆயிரத்து நூறு வருசம் ஆச்சு, இன்னிக்கும் போய்ப் படிக்கலாம். உங்க போன வருசத் தீர்மானம் எங்கன்னு கேட்டா "ஸ்க்ரோல் பண்ணிப் பாக்கணும்"ங்கிற.

உனக்குச் சுவரு வேணும் தம்பி. இந்தக் காலத்துச் சுவரு, சங்கத்துப் பேர்லயே ஒரு இணைய முகவரி. டொமைன்னு சொல்றீங்களே, அதுதான். டாட் இன் வாங்கினா வருசத்துக்கு ஆயிரம் ரூவாக்குள்ள முடிஞ்சிடும். உங்க தீபாவளி வாணவேடிக்கையில ஒரு பெட்டி கொறச்சுக்க. தமிழ்லயே வேணும்னா டாட் இந்தியா கூட இருக்குது. ஆனா பேங்குக்காரன் கம்ப்யூட்டரு தமிழ் மெயிலப் பாத்து முழிச்சாலும் முழிக்கும். டாட் இன் ஒண்ணு கையில இருக்கட்டும்.

முகவரி வந்துட்டா 'செயலாளர்', 'பொருளாளர்'னு பதவிக்கே மெயில் வச்சுக்கலாம். ஆளு மாறினா கடவுச்சொல்ல மாத்து, வேல முடிஞ்சிது. பழைய கடிதம் அத்தனையும் அங்கயே கிடக்கும். நாளைக்கு எவனாச்சும் குரூப்புல க்யூஆர் கோடு அனுப்பி "பெயின்ட் அடிக்கப் பணம் போடுங்க"ன்னா, சங்கத்து முகவரியில அந்த அறிவிப்பு இருக்குதான்னு பாத்துட்டுப் போடலாம். துணைவிதி, பொதுக்குழுத் தீர்மானம், தணிக்கை பண்ண கணக்கு எல்லாம் அதுல ஏத்து. கணக்க வூட்டுக்காரங்க மட்டும் பாக்குற மாதிரி பூட்டி வை. யாரு மெயின்டனன்ஸ் பாக்கி, யாரு கார் நம்பர் எதுன்னு ஊரறியப் போட்டுடாத. திருடனுக்கு வழிகாட்டின புண்ணியம் உனக்கு வாணாம்.

பெரிய ஆளுங்களும் இதுல வழுக்கி வுழுந்திருக்காங்க. 1999 கிறிஸ்துமஸ் சமயத்துல மைக்ரோசாஃப்ட்டு, ஹாட்மெயிலுக்கு உள்ள நுழையிற பாஸ்போர்ட் டாட் காம் முகவரிக்குப் பணம் கட்ட மறந்துட்டான். முப்பத்தஞ்சு டாலரு! ஜனங்க மெயிலத் தொறக்க முடியாம திண்டாட, சம்பந்தமே இல்லாத ஒரு ஆளு சொந்தக் காசுல கட்டித் தொறந்து வுட்டாரு. உங்க சங்கத்துக்கு அப்பிடி ஒரு புண்ணியவான் வரமாட்டான். தவணை தப்பி, கருணை நாளும் போச்சுன்னா அந்தப் பேர வேற எவன் வேணா எடுத்துக்குவான். நேத்து வரைக்கும் உங்க கணக்கு இருந்த எடத்துல நாளைக்கு ரம்மி விளையாட்டு ஓடும். ஒரே தடவையா அஞ்சு வருசத்துக்குக் கட்டிடு. நினைவூட்டு மெயில் ரெண்டு மூணு பேருக்குப் போவுற மாதிரி வை. அந்த மெயிலும் அதே டொமைன்ல இருக்கக் கூடாது, முகவரி செத்தா சாவுச் சேதியும் சேர்ந்து செத்துடும்.

2022ல தமிழ்நாட்டு அடுக்ககச் சட்டத்தையே புதுசா போட்டுட்டான், பழைய 1994 சட்டம் போச்சு. சட்டம் சங்கம் வைன்னு சொல்லும், அதுக்கு வெலாசம் நீதான் வைக்கணும். பில்டரு வச்சிருக்கிற இணையப் பக்கத்த நம்பாத, அவன் இன்னும் உங்க வீட்டையே "விற்பனைக்கு"ன்னு போட்டுக்கினு இருப்பான்.

அடுத்த பொதுக்குழுவுல முதல் தீர்மானமா இத வை. பதிவு சங்கத்துப் பேர்ல, பணம் சங்கத்து பேங்க் கணக்குலேர்ந்து, ரசீது சங்கத்து பைல்ல. "என் மச்சான் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான், அவன் பேர்லயே எடுத்துத் தர்றான்"னு மட்டும் சொல்லிடாதப்பா.