வெட்சித் திணையும் பீவோ என்னும் எருதும்: கல்லூரிப் போர்ப்பாட்டு குறித்து வடக்குப்பட்டிலிருந்து ஓர் ஆய்வு

2022இல் இந்தியத் தொல்லியல் துறையினர் ஓரகடம் பக்கத்து எங்கள் வடக்குப்பட்டில் குழி தோண்டினார்கள். கற்கருவிகள் கிடைத்தன. ரோம வணிகத்தைக் காட்டும் சாடி ஓடுகள் கிடைத்தன. அந்தக் கற்கருவியை ஏந்தியவன் பக்கத்து மேட்டுக்காரனைப் பார்த்து என்ன கத்தினான் என்பது மட்டும் கிடைக்கவில்லை. தோண்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. கத்தல் மண்ணில் தங்காது. அந்தக் குறையை மண்வெட்டி இல்லாமல் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கான பொறி ஓரகடம் கூட்டுரோட்டில் கிடைத்தது. காலை ஷிப்டுக்குப் போகும் இரண்டு கம்பெனி பஸ்கள் சிக்னலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து இன்னொன்றில் தூங்காதவர்கள் ‘ஓ’ என்றார்கள். பதிலுக்கு ஒரு ‘ஓ’ வந்தது. காரணம் எதுவும் இல்லை. பஸ்ஸின் நிறம் வேறு, அவ்வளவுதான். காரணமில்லாத இந்தப் பகைக்கு மெட்டுப் போட்டால் அதுவே அமெரிக்கக் கல்லூரிகளின் போர்ப்பாட்டு.

அங்கே ஃபுட்பால் ஆட்டத்துக்கு (பெரும்பாலும் கையால் ஆடுவதை ஏன் அப்படி அழைக்கிறார்கள் என்பது தனி ஆய்வு) ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பாட்டு உண்டு. மிகப் பழையது 1885இல் பாஸ்டன் கல்லூரிக்கு எழுதப்பட்டது என்பார்கள். இலக்கணம் எளிது: பாடுகிறவன் ஆட மாட்டான், ஆடுகிறவனுக்குப் பாட மூச்சிருக்காது.

இவற்றை வகைப்படுத்த அமெரிக்கர்கள் சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் ஏழு புறத்திணைகளை எப்போதோ பிரித்து வைத்துவிட்டார். வெற்றியைப் பாடும் வாகைக்கு மிச்சிகன் போதும். 1898இல் சிகாகோவை அந்தப் பல்கலைக்கழகம் 12–11 என்று வென்றது. அந்த ஒரு புள்ளி மகிழ்ச்சியில் லூயிஸ் எல்பெல் என்ற மாணவர் ‘தி விக்டர்ஸ்’ எழுதினார். பாட்டைக் கேட்டால் மேற்குத் திசை முழுவதும் அவர்கள் காலடியில் கிடப்பதாகத் தோன்றும். சோழர் மெய்க்கீர்த்தி படித்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

ஆனால் ஆய்வாளனின் உள்ளத்தைக் கவர்வது வெட்சியே. பகைவரின் மாட்டைக் கவர்ந்து போரைத் தொடங்குவது வெட்சி. டெக்சஸ் பல்கலைக்கழகம் 1916இல் நீண்ட கொம்புடைய எருது ஒன்றை மைதானத்துக்குக் கொண்டுவந்து தன் சின்னமாக்கிக்கொண்டது, பெயர் பீவோ. 1917 பிப்ரவரியில் பகைக் கல்லூரியான டெக்சஸ் ஏ அண்டு எம் மாணவர்கள் நள்ளிரவில் புகுந்து, அதன் விலாவில் 13–0 என்று சூடு போட்டுவிட்டுப் போனார்கள். 1915இல் தாங்கள் வென்ற கணக்கு அது. சூடுபட்ட தரப்பு 1ஐயும் 3ஐயும் ஒட்டிப் ‘பி’ ஆக்கி, நடுக்கோட்டை ‘ஈ’ ஆக்கி, ஒரு ‘வி’ செருகி, பூஜ்யத்தை ‘ஓ’ ஆக்கியதால்தான் பீவோ என்ற பெயரே வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அழகான கதை. பெயர் அதற்கு முன்பே இருந்தது.

வெட்சியின் துறைகளில் பாதீடு, உண்டாட்டு, கொடை என்று மூன்று வரும்: கவர்ந்ததைப் பங்கிடுவது, விருந்துண்பது, கொடுப்பது. 1920 ஜனவரியில் பீவோவைச் சமைத்து விருந்து வைத்தார்கள். சூடு போட்டவர்களையும் அழைத்து, 13–0 பொறித்த தோலை அவர்களுக்கே கொடுத்தார்கள். மூன்று துறையும் ஒரே இரவில், ஒரே மேஜையில்! அந்த எருது தமிழ் படித்திருந்தால் முதலிலேயே ஓடியிருக்கும். ஏ அண்டு எம் கல்லூரியின் போர்ப்பாட்டை 1918இல், முதல் உலகப் போருக்குப் போன இடத்தில், வில்சன் என்ற மாணவர் எழுதினார். இன்றும் அந்தப் பாட்டின் முடிவில் ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் கோத்து, இரம்பம் இழுப்பதுபோல் ஆடி, அங்கே இல்லாத டெக்சஸ் எருதின் கொம்பை அறுக்கிறார்கள்.

இனி ஊர்ப்பெயர். பட்டி என்றால் மாடு அடைக்கும் இடம். பட்டுக்கும் பட்டிக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. வடதிசைப் பகைவர் மாட்டை ஓட்டிவந்து அடைத்த இடமே வடக்குப்பட்டு என்று நிறுவ ஆசை. மொழியியலாளர் யாரும் பக்கத்தில் இல்லாததால் நிறுவிவிட்டேன். இன்னொரு சான்றும் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் போட்டிக்குப் பெயரே ‘வடக்கின் பெருஞ்சமர்’. இலங்கையின் இத்தகைய சமர்களில் ட்ரம்பெட்டும் மேளமுமாகப் பப்பரே முழங்கும். வடக்கு என்ற சொல் பொதுவாக இருப்பது தற்செயல் என்று சொல்பவர்களோடு எனக்கு வாதமில்லை.

போர்ப்பாட்டின் விசுவாசம் குறித்தும் சொல்ல வேண்டும். 1909இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் பாட்டெழுதும் போட்டி ஒன்று நடந்தது. பரிசு நூறு டாலர். அதற்காக வில்லியம் பர்டி ஒரு மெட்டுப் போட்டார். நண்பர் கார்ல் பெக், மெட்டைப் பகைவனுக்குக் கொடுப்பதா என்று தடுத்து, அதை விஸ்கான்சினுக்குத் திருப்பிவிட்டார். பிறகு அதே மெட்டில் பெயரை மட்டும் மாற்றி நாடெங்கும் பள்ளிகள் பாடின. எங்கள் பக்கத்தில் இதைப் புரியவைக்க அதிக நேரமாகாது. ஓரகடத்தில் ஒரே ஆலையில்தான் ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் வந்தன. முகப்பும் முத்திரையும் வேறு.

சொல்லாராய்ச்சிக்கு ஒரே பத்தி. யேலின் ‘பூலா பூலா’வுக்குப் பொருள் கிடையாது, 1900 முதல் பாடுகிறார்கள். தமிழனுக்குப் பொருளில்லாமல் கத்த வராது, ஏதாவது வினைச்சொல் வேண்டும். அது ‘போடு’. 2002இல் ஜெமினி படம் ‘ஓ’ போடச் சொன்னது. 2008இல் வந்த சென்னை சூப்பர் கிங்ஸ் விசில் போடச் சொன்னது. சாப்பாடும் போடுவோம், சண்டையும் போடுவோம். அமெரிக்கனுக்கு ஒரு பாட்டு முழுக்கத் தேவைப்படுவது நமக்கு ஒரு வினைச்சொல்லில் முடிகிறது.

கோட்பாடு போதும், சோதனைக்கு வருகிறேன். ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்தில் ஆடும் எங்கள் பையன்களுக்குப் போர்ப்பாட்டு இல்லை. இரண்டு இரவுகள் உட்கார்ந்து, எட்டு அடியில் ஒன்று எழுதிக் கொடுத்தேன். வேகப்பந்து வீசும் பையன் இரண்டடி பாடிப் பார்த்து, “அண்ணா, மூச்சு வாங்குதுண்ணா. பவுலிங் போடணுமா, பாடணுமா?” என்றான். மேலே சொன்ன இலக்கணம் உறுதியாயிற்று. ஆகவே ஆடாத நானும் இரண்டு சிறுவர்களும் எல்லைக்கோட்டில் நின்று பாடினோம். ஆறு விக்கெட்டில் தோற்றோம்.

தோல்வி பெரிதில்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஜெயித்துவிட்டு, ட்ராக்டரில் என் பாட்டைப் பாடிக்கொண்டே போனார்கள். வடக்குப்பட்டு இருந்த இடத்தில் அவர்கள் ஊர்ப்பெயர். தளை கூடத் தட்டவில்லை. நூற்றாண்டுகள் கழித்து இம்மண்ணில் மறுபடியும் வெட்சி நடந்திருக்கிறது.

கவர்ந்து போனதை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் அதை வெட்சிக்குள்ளேயே அடக்கிவிட்டார். புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாக்கியது. நான் வெண்பாமாலைக் கட்சி. அடுத்த ஞாயிறு கரந்தை. வேகப்பந்துப் பையனுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.