தெப்பக்குளத்து ஆரம்பசூரர்

மதுரையில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேரும் இடங்கள் சில உண்டு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் ஒன்று, வண்டியூர் தெப்பக்குளம் இன்னொன்று. பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் தினமும் வருவார்கள். தெப்பக்குளத்தைச் சுற்ற வருகிறவர்களில் ஒரு ரகத்தினர் மட்டும் மாம்பழம் மாதிரி சீசனுக்குத்தான் வருவார்கள்.

ஷூவை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வெள்ளை வெளேரென்று இருக்கும். உள்ளே திணித்திருந்த காகிதத்தை எடுத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. டீ ஷர்ட்டில் கடைக்காரர் மடித்த மடிப்பு நெஞ்சின் குறுக்கே கோடு கிழித்திருக்கும். ஐந்து மணி இருட்டில் வெயிலுக்கான தொப்பி. மணிக்கட்டில், நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டும் ஒரு வாட்ச். இவருக்குப் பெயர் வேண்டியதில்லை, எல்லாத் தெருவிலும் இருக்கிறார். பாங்க் மேனேஜராக இருப்பார், ஹார்டுவேர் கடை முதலாளியாக இருப்பார், ஹெட்மாஸ்டராக இருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது. நாம் ஆரம்பசூரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் உதயமாகும் பருவங்கள் மூன்று. ஜனவரி முதல் தேதி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வேகம் பொங்கலைத் தாண்டாது. இரண்டாவது, முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட் வந்த வாரம். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எதிரே அச்சடித்திருக்கும் தடித்த எழுத்துகள் ஒரு மாதத்துக்கு அவரைத் துரத்தும். மூன்றாவதுதான் சக்தி வாய்ந்தது: கேதம். கூடப் படித்தவரின் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே முடிவெடுத்துவிடுவார். “நேத்து ராத்திரிகூட வாட்ஸப்புல குட்நைட் போட்டான்டி. காலையில ஆளு இல்ல” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஈரத் தலையோடு ஷூ கடைக்குக் கிளம்புவார். அந்த வைராக்கியம் பதினாறாம் நாள் விருந்து வரை தாங்கும்.

டாக்டர் சொல்வதை அவர் கேட்காமல் இல்லை. கேட்டுவிட்டுத் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்வார். மாத்திரை இரண்டு வேளை என்றால் ஒரு வேளை. நடை அரை மணி என்றால் ஒன்றரை மணி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு என்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி வேக நடை என்றாலே போதும். அது ஆரம்பசூரருக்கு அவமானமாகப் படும். அவ்வளவு சுலபமான காரியத்துக்கு அவ்வளவு விலையில் ஷூ எதற்கு?

முதல் நாள் புறப்படும்போது வீட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

“ஏங்க, மொத நாளு. மெல்லமாப் போயிட்டு வாங்க.”

“நடக்கிறதுக்குமா நீ எனக்குச் சொல்லித் தரணும்? காலேஜ்ல நானூறு மீட்டர் ஓடுனவன்டி நான்.”

ஓடினது உண்மைதான். அதற்கு அப்புறம் மகள் காலேஜ் முடித்துவிட்டாள்.

தெப்பக்குளம் சும்மா ஒரு குளம் இல்லை. திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டியது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி. நான்கு கரையையும் ஒருமுறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் ஏறி வரும் தெப்பத்தையே ஊர்கூடி வடம் பிடித்து இழுக்கிறார்கள். நம்மவர் தனியாகவே சுற்றிவிடலாம் என்று நினைக்கிறார். முதல் கரையில் நடப்பார். இரண்டாவது கரையில் போலீஸ் செலக்‌ஷனுக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள் அவரைத் தாண்டி ஓடுவார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள். வேலை கிடைக்கவேண்டும் என்ற கவலையில் ஓடுகிறார்கள். தன்னைச் சவாலுக்கு அழைத்ததாக நம்மவர் எடுத்துக்கொள்வார். மூன்றாவது கரையில் அவரும் ஓடுவார். நான்காவது கரையில் கல்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அப்படி டக்கென்று நிற்பதும் ஒரு வினைதான். ஓடும்போது காலுக்கு இறங்கும் ரத்தத்தைக் கெண்டைச் சதைதான் அழுத்தி அழுத்தி மேலே அனுப்புகிறது. சதை வேலையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தங்கும், தலை கிறுகிறுக்கும். ஐந்து நிமிடம் மெல்ல நடந்து வேகத்தை இறக்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தொடங்கும்போதும் அதே ஐந்து நிமிடம். ஆனால் நம்மவர் கிறுகிறுப்புக்கு வேறு காரணம் கண்டுபிடிப்பார். “வெறும் வயித்துல வந்துட்டேன், அதான்” என்று சொல்லி வடைக் கடைப் பக்கம் திரும்புவார். அரை மணி வேக நடையில் செலவாவது நூற்றைம்பது கலோரியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் அதைச் சரிக்கட்டிவிடும். கூடவே ஒரு பருத்திப்பாலும் உள்ளே போனால், நடக்காமல் வீட்டில் தூங்கியிருந்தால் லாபம்.

இரண்டாம் நாள் காலை, மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்குவார். மூன்றாம் நாள் அதுவும் முடியாது. பழகாத சதைக்கு வலி மறுநாளிலிருந்துதான் உச்சத்துக்குப் போகும். அது தானே சரியாகும். ஆபத்து இதற்குப் பிறகு, வலி போய் உற்சாகம் வரும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் இருக்கிறது. மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். தசைநாணும் எலும்பும் மூட்டும் அரசாங்க ஃபைல் மாதிரி; தங்கள் வேகத்தில்தான் நகரும். மூச்சு வாங்கவில்லையே என்று ஆள் தூரத்தை இரட்டிப்பாக்குவார், குதிகால் மறுநாள் தரையில் ஊன்றாது. “வாக்கிங் எனக்கு ஒத்துக்கலப்பா” என்ற தீர்ப்பு தெப்பக்குளக் கரையில் இப்படித்தான் எழுதப்படுகிறது.

வாட்ச் சமாசாரத்துக்கு வருவோம். தினமும் பத்தாயிரம் அடி என்பது அவருக்கு வேதவாக்கு. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை அந்த எண்ணின் பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண் பிரபலமானது அப்படி. ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது இல்லை, விளம்பரத்தில் பிறந்தது. அதற்குக் கீழே நடந்தாலும் பலன் உண்டு. இதை அவரிடம் சொல்லிப் பார்த்தால் கோபம் வரும். இரவு பதினொரு மணிக்கு எட்டாயிரத்துச் சொச்சத்தில் வாட்ச் நின்றிருக்க, ஹாலுக்கும் அடுப்படிக்கும் இடையே அவர் உலாத்துவதைப் பார்த்து வீட்டில் விரதம் ஏதோ என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் அந்த வாட்சை மனைவி கட்டிப் பார்த்தார். துணி அலசி, மாவு வழித்து, மொட்டை மாடிக்கு ஏறி இறங்கி, கடைக்குப் போய்வந்து சாயங்காலம் பார்த்தால் இவர் கணக்கைத் தாண்டியிருந்தது. வாட்ச் ரிப்பேர் என்று நம்மவர் முடிவு செய்து கடைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

சிரித்துவிட்டுப் போக முடியாதது இதயத் துடிப்புக் கணக்கு. 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று எங்கோ படித்திருப்பார். அது ஊருக்கெல்லாம் பொதுவாகப் போட்ட தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய இருக்கும். அதைவிட முக்கியம், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை துடிப்பையே கட்டிப்போட்டுவிடும். அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து, “என்னடா, நூத்தி இருபதத் தாண்ட மாட்டேங்குது” என்று வாட்சை முறைத்து முறைத்து வேகத்தைக் கூட்டும் மனிதரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இவருக்கு நேர் எதிரே ஒரு மனிதர் வருவார். ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். சாயம் போன கான்வாஸ் ஷூ, முழுக்கைச் சட்டை, வாட்ச் கிடையாது. பையில் ஆரஞ்சு மிட்டாய் நான்கைந்து. பேரனுக்கு என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். நடக்கும்போது சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் உடனே வாயில் போட்டுக்கொள்ள. வீட்டுக்குப் போனதும் ஷூவைக் கழற்றி உள்ளங்காலைத் தடவிப் பார்ப்பார், கொப்புளம் இருந்தால் அவருக்குத் தெரியாதாம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். அதுதான் அவருடைய மீட்டர்.

“பேச முடியணும் தம்பி, பாட்டுப் பாட முடியக் கூடாது. பேச்சே வரலைன்னா ஸ்பீடு ஜாஸ்தி. பாட்டு வந்துச்சுன்னா பத்தாது.”

பெரிய டாக்டர்கள் சொல்லும் சோதனையும் இதேதான். இதைப் பொன்னெழுத்தில் பொறித்துத் தெப்பக்குளத்து நான்கு மூலையிலும் வைக்கலாம்.

அவரிடம் ஒருமுறை ஜெரமி மாரிஸ் கதையைச் சொன்னேன். லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-இல் லான்செட் இதழில் எழுதியவர். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பேசுகிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். மாரிஸ் நேர்மையானவர், டிரைவர் வேலைக்கே பருத்த ஆட்கள்தான் போகிறார்களோ என்று சந்தேகப்பட்டு, அவர்களுடைய யூனிஃபார்ம் இடுப்பளவை எடுத்து அதையும் 1956-இல் எழுதினார். சந்தேகம் ஓரளவு சரிதான்.

“லண்டன்காரன் படியேறுனான். நான் கூட்டத்துல நசுங்குனேன்” என்றார் கண்டக்டர். “இந்த மெட்ராஸ்காரன் பின்னாடி சீட்டுல உக்காந்துக்குவான், துட்டுத்தான் நடந்து போகும். அவனுக்கு என்ன எழுதுவாரு உங்காளு?”

அவர் எப்படி ஆரம்பித்தார் என்பதைக் கேட்டால் ஆரம்பசூரருக்குச் சிரிப்பு வரும். முதலில் ஒரு கரை மட்டும் நடந்து திரும்பிவிடுவாராம். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது கரை. நான்கு கரையும் கூடிவர இரண்டு மாதம் ஆனதாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர், புதுப் பழக்கம் ஒன்று யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு ஊற எத்தனை நாள் பிடிக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். சராசரி 66 நாள் வந்தது. 18 நாளுக்கும் 254 நாளுக்கும் இடையே ஆளுக்கொரு கணக்கு. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய சேதமில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது.

ஆரம்பசூரர் விழுவது இந்த ஒரு நாளில்தான். திண்டுக்கல்லில் மச்சான் மகன் கல்யாணம், காலை முகூர்த்தம், வாக்கிங் போகவில்லை. மறுநாள் போயிருக்கலாம். போகமாட்டார். “விட்டுப்போச்சு. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியில இருந்து சுத்தமா ஆரம்பிச்சுடுவோம்” என்பார். அடுத்த மாதம் முதல் தேதி செவ்வாய்க்கிழமையாக இருக்கும். செவ்வாயோ வெறுவாயோ என்று ஒரு வாரம் தள்ளும். அப்புறம் மழை. அப்புறம் ஆடி. அவருக்கு உழைக்க மனமில்லை என்று நான் சொல்லமாட்டேன். முழுசாக இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம் என்கிற ஜமீன்தார் குணம்தான் ஆளைக் கெடுக்கிறது. கண்டக்டருக்கு அந்தக் குணம் இல்லை. உறவில் கல்யாணம் இருந்தால் மண்டபத்து வராந்தாவிலேயே நாலு நடை நடந்துவிட்டுப் பந்திக்குப் போவார்.

ஒன்று சொல்ல வேண்டும். தொடர்ந்து ஓடிவிட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. ஜிம் ஃபிக்ஸ் 1977-இல் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களை ஓட வைத்தது. 1984 ஜூலையில், 52 வயதில், ஓட்டத்தின்போதே மாரடைப்பில் இறந்தார். இதய ரத்தக் குழாய்கள் அடைத்திருந்தன. அவருடைய தந்தையும் இதய நோயில் இளவயதில் போனவர். ஓடினதால் செத்தார் என்று இதை ஆரம்பசூரர் சந்தோஷமாக எடுத்துச் சொல்வார், அது தவறு. குடும்பத்தில் அந்த நோய் இருந்தாலோ, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைபிடித்த பழைய கணக்கு இருந்தாலோ, வேகத்தைக் கூட்டும் முன்பு இதயத்தை டாக்டரிடம் காட்டிவிட்டு வர வேண்டும் என்பதுதான் அதில் உள்ள செய்தி. ஷூவுக்குக் கொடுத்த காசில் கொஞ்சம் இதற்கும் கொடுக்கலாம்.

அடுத்த ஜனவரியிலும் அவர் வருவார். வெள்ளை ஷூவைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த மனிதர் நடுவில் நின்று நெஞ்சை அழுத்திப் பிடித்தால், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறது என்றால், குளிர்ந்த காற்றிலும் வேர்த்துக் கொட்டினால், வாயுப்பிடிப்பு என்று கோலி சோடா உடைத்துக் கொடுக்காதீர்கள். பைக்கில் தானே வீட்டுக்குப் போகவும் விடாதீர்கள். கல்கட்டில் உட்காரவைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.