கழட்டி மாட்டிய மகான்கள்

பேட்டரி சைக்கிளின் வரலாற்றைக் கம்பெனிக்காரர்கள் எழுதினால் ஆராய்ச்சிக்கூடம், வெள்ளைக் கோட்டு, விஞ்ஞானி என்றுதான் ஆரம்பிப்பார்கள். நம்பாதீர்கள். அந்த வம்சத்தின் மூலபுருஷர் பாரிஸில் பட்டறை வைத்திருந்த குஸ்தாவ் த்ரூவே. ஒருத்தன் செய்த மோட்டாரை இன்னொருத்தன் செய்த வண்டியில் மாட்டிய மகான்.

1881 ஏப்ரலில் இங்கிலாந்து மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றைப் பிடித்தார். சீமென்ஸ் மோட்டாரைத் தன் கைவரிசைக்கு ஏற்பத் திருத்தி அதில் பொருத்தினார். கரண்டுக்கு ஈய-அமில பேட்டரி. ஆளோடு சேர்த்து மொத்தம் 160 கிலோ. நட்டநடு பாரிஸில், வலுவா தெருவில், மணிக்கு 12 கிலோமீட்டரில் ஓட்டிக் காட்டினார். வாடகைக் குதிரை வண்டியின் வேகம்தான். ஆனால் கொள்ளும் வேண்டாம், லத்தியும் கிடையாது.

இத்தனை செய்தும் அந்த வண்டிக்குக் காப்புரிமை வாங்க முடியவில்லை. வேறொருவராக இருந்தால் ஆயுசுக்கும் புலம்பியிருப்பார். த்ரூவே மோட்டாரைக் கழட்டிப் படகில் மாட்டிவிட்டார். பட்டறைக்கும் செய்ன் ஆற்றுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமே என்று, படகிலிருந்து தனியே எடுக்கும்படி செய்தார். இன்று நம் மீனவர்கள் ஃபைபர் படகின் பின்னால் தொங்கவிடும் அவுட்போர்டு மோட்டாருக்கு அதுதான் பாட்டன். மே 26-ல் வெள்ளோட்டம். ஆற்றோட்டத்தோடு 9 கிலோமீட்டர் வேகம், எதிர்த்துப் போனால் 3.6. படகுக்கு அவர் சூட்டிய திருநாமம் ‘டெலிபோன்’. அப்போது அதுதான் புதுமோகம். இன்றைக்கு இருந்திருந்தால் ‘ஏஐ’ என்று வைத்திருப்பார்.

பிறகு 1895. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் கம்பெனி, கையில் பிடித்து ஓட்டும் மின்சார டிரில்லிங் மெஷினைச் செய்தது. அதே வருஷம் டிசம்பர் 31-ல், அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கரத்தின் நடுமையத்திலேயே மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். 10 வோல்ட் பேட்டரி, 100 ஆம்பியர் வரை இழுக்கும். வெல்டிங் வைக்கிற கரண்டு அது, உட்காரும் இடத்துக்குக் கீழே! ஆக, மாப்பிள்ளை டிரில்லும் பெண் சைக்கிளும் ஒரே வருஷத்தில் பிறந்தாயிற்று. கல்யாணத்துக்குத்தான் தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுவில் பெரிய மனிதர் ஒருவரும் முயன்றார். பிரிட்டனில் கம்ப்யூட்டர் செய்து பேர் வாங்கிய சர் கிளைவ் சின்க்ளேர், 1985 ஜனவரி 10-ல், லண்டன் குளிரில், கூரையில்லாத ‘சி5’ மூன்று சக்கர வண்டியை இறக்கினார். விலை 399 பவுண்டு. ஹேண்டில்பார் தொடைக்குக் கீழே. லாரி டிரைவர் கண்ணில் படாத உயரம். ஹூவர் வாஷிங் மெஷின் தொழிற்சாலையில் கோத்ததால், உள்ளே இருப்பது துணி துவைக்கும் மோட்டார்தான் என்று ஊர் சிரித்தது. அபாண்டம். அது இத்தாலியிலிருந்து வரவழைத்த மோட்டார். என்னைக் கேட்டால், வாஷிங் மெஷினிலிருந்தே கழட்டியிருக்கலாம், கழட்டி மாட்டும் சம்பிரதாயமாவது மிஞ்சியிருக்கும். ஆகஸ்டில் உற்பத்தி நின்றது.

சம்பிரதாயத்தைக் காப்பாற்றியது கார்ட்லெஸ் டிரில். பேட்டரி, மோட்டார், கியர், விசை எல்லாம் ஒரே பிடிக்குள் இருந்தால் வீட்டு விஞ்ஞானிகள் சும்மா விடுவார்களா? 26 இஞ்ச் சக்கரம் மணிக்கு 20 கிலோமீட்டர் போக, நிமிடத்துக்கு 160 சுற்று போதும். ஆங்கிள் கிரைண்டரோ 11,000 சுற்று சுற்றும் பேய். அதை அடக்க 70-க்கு 1 என்று வேகத்தைக் குறைக்க வேண்டும். டிரில் லோ கியரில் 400, 500-லேயே நிற்கிற சாது. சக்கில் ஒரு சின்னப் பல்சக்கரம், பின்சக்கரத்தில் மூன்று மடங்கு பல், நடுவில் செயின். விசையை பிரேக் கேபிளால் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர் தயார்.

மேம்பாலம் வரும்வரை எல்லாம் சொர்க்கம். டிரில் என்பது ஒரு ஓட்டை போட்டுவிட்டு ஓய்வெடுக்கப் பிறந்த ஜென்மம். ஏற்றத்தில் மோட்டார் மெதுவாகும், கரண்டு எகிறும், அதே தண்டில் சுற்றும் விசிறிக்கோ காற்று தள்ளத் தெம்பிருக்காது. முதலில் வார்னிஷ் வாசம், அப்புறம் புகை. வாசத்திலேயே இறங்கித் தள்ளுகிறவன் பிழைத்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கத்து வீட்டு மாமா சாமி படம் மாட்ட டிரில் கேட்டு வருவார். தரமாட்டேன் என்றால் பகை. சைக்கிளை அவர் வீட்டு ஹாலுக்குள் உருட்டி, பின்சக்கரத்தைச் சுவரோரமாகத் தூக்கி நிறுத்தி, “எந்த இடத்துல மாமா?” என்று கேட்க வேண்டியதுதான்.