சாமிக்கே வராத கோவம்

இன்னா பேராண்டி, மூஞ்சிய உம்முனு வச்சிகினு கீற? போன்ல எவனோ பத்து செகண்டு படம் அனுப்புனானாம். மஞ்ச மூஞ்சிக்காரன் ஒருத்தன் நம்ம புள்ளையாருக்கு வேர்க்கடலைய நீட்டறானாம். உன் மனசு புண்ணாப் போச்சாம். உடனே அத நாப்பது பேருக்கு அனுப்பி அவங்க மனசையும் புண்ணாக்கிட்டியாம். நல்ல தர்மம்டா இது!

முழுசாப் பாத்தியா? பாக்கல. நான் பாத்தேன். கெழவனுக்கு வேற இன்னா வேல?

அது அமெரிக்காவுல ஓடற 'சிம்ப்சன்ஸ்'. பொம்மைப் படம்தான். ஆனா ஊரு, சர்க்காரு, சர்ச்சு, ஒண்ணையும் விடாம நையாண்டி பண்ணும். நீ அலறுற அந்தக் கதை 1992 அக்டோபர்ல வந்துது. 'ஹோமர் த ஹெரெடிக்'னு பேரு. அப்ப நீ பொறக்கவே இல்ல. நீ பொறக்கறதுக்கு முன்னால சுட்ட வடைக்கு இன்னிக்கு வாய் பொசுங்குதுன்றியே, ஞாயமா?

கதைய கேளு. ஞாயித்துக்கெழம. பனி கொட்டுது. பொண்டாட்டி புள்ளைங்க சர்ச்சுக்குக் கெளம்புறாங்க. ஹோமர் மட்டும் போர்வைய இழுத்துப் போத்திகினு வரலன்றான். அங்க அவங்க நடுங்கிகினு பிரசங்கம் கேக்கறாங்க. முடிஞ்சுதுடா சாமின்னு எழுந்தா கதவு பனியில உறைஞ்சு தெறக்க மாட்டேன்னுது. இங்க இவன் வெண்ணெய்க் கட்டிய அடையில சுருட்டித் தின்னுட்டு டிவி பாக்கறான். கனவுல கடவுளே எறங்கி வந்துடறாரு. கோவமாத்தான் வர்றாரு. ஆனா ஹோமர் சொல்லச் சொல்ல, ஆமாம்ப்பா, பிரசங்கம் கேக்கறதுக்குப் பதிலா எனக்கும் சில நாள் புட்பால் பாக்கலாம்னுதான் தோணுதுன்னு ஒத்துக்கறாரு.

இதுக்கா அதிர்ச்சி? நம்ம திருவள்ளூர் வீரராகவர் கதை இன்னா? சாலிஹோத்ர முனிவரு வருசம் பூரா பட்டினி கெடந்து, தை அமாவாசைக்குக் கொஞ்சூண்டு மாவு ஆக்கி வச்சாரு. பெருமாள் கெழவர் வேசத்துல வந்தாரு. விருந்தாளி பங்கத் தின்னாரு. பசி அடங்கல. முனிவர் பங்கையும் வழிச்சுத் தின்னாரு. தின்னுட்டு, அசதியா கீது, எங்க படுக்கலாம்னு கேட்டாரு. படுத்தவரு இன்னிக்கு வரைக்கும் எழுந்திருக்கல. ஊத்துக்கோட்டை தாண்டி சுருட்டப்பள்ளி போ. அங்க சிவனே, வெசம் குடிச்ச மயக்கத்துல அம்மன் மடியில தலைய வச்சிப் படுத்துகினு கீறாரு. இத வெள்ளக்காரன் படமா எடுத்தா நீ ஸ்டேசன்ல மனு குடுப்ப. பாட்டன் சொன்னா தல புராணம், இல்ல?

சரி, வேர்க்கடலைக்கு வர்றேன். அந்தூர்ல அப்புன்னு நம்ம நாட்டுக்காரன் கட வச்சிருக்கான். கடைக்குள்ளயே புள்ளையாரு, நம்ம கவரப்பேட்ட பக்கத்து டீக்கடையில சாமி படம் மாட்டுறாப்ல. ஹோமர் யானைய பாத்துட்டு கடலைய நீட்டறான். என் சாமிக்கு அதெல்லாம் நீட்டாதன்னு அப்பு மொறைக்கிறான். அங்க அசிங்கப்பட்டது புள்ளையாரா, இல்ல மண்டையில மசாலா இல்லாத ஹோமரா? நவராத்திரிக்கு வேர்க்கடல சுண்டல் நாம வைக்கறமே, அது மட்டும் எப்படிச் செரிக்குது?

நீ பாக்காம விட்ட மீதி இன்னா தெரியுமா? சர்ச்சுக்குப் போகாதது அவன் குத்தமில்ல. போகலன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சான் பாரு, சொந்தமா ஒரு மதமே ஆரம்பிச்சிட்டேன்னான் பாரு, அதான் குத்தம். கடசீல சுருட்டு நெருப்போட சோபாவுல தூங்கிடறான். வீடு பத்திக்குது. அவன் எப்பவும் கிண்டல் பண்ற பக்கத்து வீட்டு பக்திமான் பிளாண்டர்ஸ்தான் உள்ள பூந்து தூக்கறான். ஜன்னல் வழியா மெத்தையில தள்ளினா, ஹோமர் துள்ளி மறுபடி நெருப்புக்குள்ளயே போய் வுழறான். மறுபடி போய் இழுத்தாறான். நெருப்பணைக்க வந்ததுல யூதக் கோமாளியும் உண்டு, நம்ம அப்புவும் உண்டு. பாதிரியாரு கிறிஸ்தவன், யூதன்னு சொல்லிட்டு அப்புவ 'இதர'ன்னு சேக்கறாரு. நாங்க 70 கோடி பேர்டான்னு அப்பு எகிறுறான். மனுல 'மற்றவை'ன்னு கட்டம் போடறானே ஆபீசுக்காரன், அவனத்தான் அடிக்கிறாங்க அங்க. சிப்காட்ல ஷெட்டு பத்திக்கிட்டா பக்கெட்டு தூக்கினு வர்ற பீகார்க்காரன், ஒடிசாக்காரன்கிட்ட நீ மொதல்ல எந்த சாமின்னா கேப்ப?

இந்த ஆட்டம் புதுசு இல்லப்பா. எம்.ஆர். ராதா ராமாயணத்த நக்கலடிச்சு நாடகம் போட்டாரு. 1954ல நாடகத்தக் கட்டுப்படுத்தன்னே ஒரு சட்டம் வந்துது. அதோட முக்கியமான பிரிவுங்க செல்லாதுன்னு சென்னை ஐகோர்ட்டு சொன்னப்ப வருசம் 2013. வழக்கு போட்டவரு எழுத்தாளர் ஞாநி. இதுக்கு நடுவுல ராமருக்கு எதாவது கொறஞ்சுதா? 2003 ஜனவரில இன்னொரு கூத்து. எம்டிவியில 'க்ளோன் ஹை'ன்னு பொம்மைப் படம், காந்தியக் கும்மாளம் போடற பள்ளிக்கூடத்துப் பையனா காட்டிட்டான். டெல்லில உண்ணாவிரதம். அவன் மன்னிப்பு கேட்டான். 2023ல மறுபடி எடுத்தப்ப காந்தியவே தூக்கிட்டான். அது கெடக்கட்டும். காந்தி நோட்ட மடிச்சி மேசைக்கு அடியில நீட்டறியே, அதுக்கு எவனாவது ஒருவேள சோறு உடறானா?

உன்ன மட்டும் சொல்லல. அந்தப் படத்த மொதல்ல அனுப்புனானே உன் கூட்டாளி, பகுத்தறிவு பேசறவன், அவனும் முழுசாப் பாக்கல. நேத்து புது பைக்கு வாங்கி எலுமிச்சம்பழத்துல சக்கரத்த ஏத்துனான். கேட்டா அம்மாவுக்காகன்றான். சிறுவாபுரிக்கு வாரா வாரம் நீ போற. சொந்த வீடு வேணும்னு ஆறு செவ்வாக்கெழம. கல்ல அடுக்கி குட்டி வீடு கட்டற. நம்பிக்கை, நான் ஒண்ணும் சொல்லல. வெளிய வந்தா பிளாட்டு நோட்டீசு குடுக்கறவன் நிக்கறான். முருகனுக்குக் கமிசன் எவ்ளோன்னு அவனக் கேட்டேன். வரிசைல நின்னவங்க சிரிச்சாங்க. நீ மட்டும் மொறைச்ச.

கோடையில நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து வைப்பாங்க. ராஜா கிரீடத்தோட வந்து நிப்பான். கட்டியங்காரன் நீ யாருய்யா, இந்த நேரத்துல இன்னா இந்தக் கோலம்னு கேப்பான். துரியோதனனையும் உடமாட்டான், கிருஷ்ணனையும் உடமாட்டான். அம்மன் எதுருலயேதான் எல்லாம். சனம் வயித்தப் புடிச்சிகினு சிரிக்கும். அதே சனம், பாஞ்சாலி சேலைய உருவற எடத்துல கற்பூரம் ஏத்தி, கன்னத்துல போட்டுக்கும். பாஞ்சாலி யாரு? கொஞ்சம் முன்னாடி கொட்டாய்க்குப் பின்னால பீடி புடிச்சிகினு இருந்தவரு.

அடுத்த பாரதத்துக்கு வா. போன வீட்ல வச்சிட்டு வா. மொத வரிசைல மட்டும் குந்தாத. இந்த உம்முனு மூஞ்சியப் பாத்தா கட்டியங்காரன் ராத்திரி முழுக்க உன்னத்தான் இழுப்பான்.