பாவிகள் பட்டியலில் பிரசங்கியார் பெயர் இல்லை

1741 ஜூலை 8. அமெரிக்காவின் என்ஃபீல்டு ஊர்ச் சபையில் போதகர் ஜொனதன் எட்வர்ட்ஸ் பீடம் ஏறினார். அவர் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை என்கிறார்கள். கணக்குப்பிள்ளை பேரேடு வாசிக்கிற அதே குரலில், மனந்திரும்பாதவன் யாரென்று விளக்கினார்: நெருப்புக்கு மேலே பிடித்திருக்கும் அருவருப்பான சிலந்தி. தேவன் இன்னும் கையை விடவில்லை, அதனால்தான் நேற்று ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்தான். சபை அலறிய அலறலில் பிரசங்கத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஊழியம் பலித்துவிட்டது!

கண்டிப்புக்குப் பேர்போன புராட்டஸ்டன்ட்களான பியூரிட்டன் பரம்பரைக்கு இது கைவந்த கலை. 1662இல் மைக்கேல் விகில்ஸ்வொர்த் எழுதிய நியாயத்தீர்ப்புக் காவியத்தில், பாவம் செய்யக்கூட நேரமில்லாமல் செத்துப்போன பச்சைக் குழந்தைகளும் நரகத்துக்குத்தான் போகின்றன. ஆனாலும் கருணை குறையவில்லை பாருங்கள், இருப்பதில் வசதியான அறையை ஒதுக்குகிறார்கள். புத்தகம் சக்கைப்போடு போட்டது. எரிகிறவர்களைப் பார்த்து பரலோகத்தில் யாரும் அழமாட்டார்கள், ஆனந்தப்படுவார்கள் என்று எட்வர்ட்ஸ் தனிப் பிரசங்கமே செய்தார். நித்திய ஜீவன், கூடவே வேடிக்கை இலவசம்.

வேடிக்கை வீட்டுக்குள்ளும் வந்தது. 1735இல், சபையில் பக்தி எழுப்புதல் கொழுந்துவிட்டு எரிந்தபோது, எட்வர்ட்ஸுக்குச் சித்தப்பா முறையான ஜோசப் ஹாலி, தன் ஆத்துமா தப்புமா என்று குமைந்து குமைந்து கழுத்தை அறுத்துக்கொண்டார். பழி சாத்தான் தலையில் விழுந்தது. பிரசங்கம் தப்பித்தது.

சரி, இந்தப் பாவக் கணக்கில் எதெல்லாம் வரும்? 1731இல் நியூபோர்ட்டில் 80 பவுண்டு கொடுத்து, சுமார் 14 வயதுச் சிறுமி ஒருத்தியை வாங்கினார் எட்வர்ட்ஸ். பத்திரத்தில் இருக்கிற பெயர் வீனஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் அதில் எதற்கு? இந்தக் கொள்முதல் பாவக் கணக்கில் வராது. வேறொரு போதகர் அடிமை வைத்திருப்பது அடுக்குமா என்று அந்தப் போதகரின் சபையார் கேட்டபோது, எட்வர்ட்ஸ் போதகர் பக்கம் நின்று வாதம் எழுதினார். அடிமை உழைப்பில் விளைந்ததை நீங்களும்தானே அனுபவிக்கிறீர்கள் என்று, கேட்டவர்களையே மாய்மாலக்காரர் ஆக்கினார். ஆப்பிரிக்காவில் புதிதாக ஆள் பிடிப்பது மட்டும் தப்பாம். கப்பலிலிருந்து இறங்கிவிட்ட பெண்ணுக்குக் காசு கொடுத்து ரசீது வாங்கினால் பாவம் ஒட்டாதாம்.