ஏழுக்கு ஏழு

பித்தளைத் தாயக்கட்டைக்கு இரண்டு சத்தம் உண்டு. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டும்போது ஒன்று, சிமெண்டுத் தரையில் விட்டதும் இன்னொன்று. ஆழ்வார்திருநகரியில் எங்கள் ஆச்சி வீட்டில் அந்த இரண்டாவது சத்தம் கேட்டால் தெருவில் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். எழுபதுகளின் கடைசி. அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றி நடுவில் வைப்பதற்குள் சித்தி சாக்பீஸால் கட்டம் போட்டு முடித்திருப்பாள்.

எதை விளையாடலாம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இரண்டு பேர் இருந்தால் பல்லாங்குழி. மூன்று, நான்கு பேர் சேர்ந்தால் தாயம். தாத்தாவைத் தேடி ஆள் வந்தால் ஆடு புலி. வைகுண்ட ஏகாதசி இரவென்றால் பரமபதம். ஆள் கணக்கும் நாளும் பார்த்து ஆட்டம் தானாக அமைந்துவிடும்.

இப்போது சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு வீட்டில் எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மருமகள் ஏற்பாடு செய்து ஒன்றரை வருஷமாகிறது. நான்கு செல்போன்களும் ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள் போய்விடும். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது, பேரனுக்கு ஒன்பது. நடுவில் நானும் இவரும், மகனும் மருமகளும். ஆறு பேர். அந்த முதல் சனிக்கிழமையே கேள்வி வந்துவிட்டது: எதை விளையாடுவது? கரண்ட் போவதில்லை, ஆளும் குறைவில்லை, கடையிலோ அடுக்கடுக்காகப் பெட்டிகள். தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வரிசையாக வாங்கி, வரிசையாகச் சோதித்தேன்.

முதலில் வாங்கியது மொனாப்பலி. நாங்கள் சின்ன வயதில் ‘டிரேடு’ என்று விளையாடினோமே, பம்பாயையும் கல்கத்தாவையும் விலைக்கு வாங்குவது, அதன் மூல ஆட்டம். இரண்டாம் வாரமே பேரன் முக்கால் மணி நேரத்தில் கையிலிருந்த பணமெல்லாம் போய் வெளியேறினான். ஆட்டம் அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் ஓடியது. அவன் சோபாவின் ஓரத்தில் போய்ச் சுருண்டுகொண்டான். “இன்னும் முடியலையா ஆச்சி?” என்று நாலு தடவை கேட்டான். அவனுக்காகக் கூட்டிய கூட்டத்தில் அவனுக்கு இடமில்லாமல் போனது.

அந்த ஆட்டத்தின் பிறப்பைப் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது. அமெரிக்காவில் எலிசபெத் மகீ என்ற பெண்மணி 1904-ல் ‘நிலச்சொந்தக்காரர் ஆட்டம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு பலகை ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நிலம் சிலர் கையில் குவிந்தால் வாடகை கொடுப்பவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆகிறார்கள் என்று கண்ணெதிரே காட்டுவதுதான் அவர் நோக்கம். அதிலிருந்து கிளைத்த ஆட்டம்தான் 1935 முதல் மொனாப்பலியாகக் கடைக்கு வந்தது. ஒருவர் கொழிக்க மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுவது அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. மகீ சொல்ல வந்த பாடத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை இரவில் படிக்க வேண்டிய பாடம் இல்லை அது.

இதை எழுதும்போது பல்லாங்குழியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதிலும் ஒருவர் வறியவர் ஆவார். இரண்டு வரிசையில் ஏழேழாகப் பதினான்கு குழி. எங்கள் வீட்டில் குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. எடுத்து ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போய், காலிக் குழி வந்தால் அதைத் துடைத்து அடுத்த குழியில் இருப்பதை அள்ள வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம். சுற்று முடிந்ததும் தோற்றவர் தன்னிடம் இருப்பதை வைத்து எத்தனை குழி நிரப்ப முடியுமோ நிரப்புவார். மிச்சக் குழியில் ஈர்க்குச்சியைப் போட்டு மூடிவிடுவோம். அடுத்த சுற்றில் அவருக்கு நிலம் குறைவு. அப்படியே குறைந்து குறைந்து ஒரு குழிக்குக்கூடக் காய் இல்லாத நிலை வரும். அந்த இடத்தில் ஆச்சி தன் குவியலிலிருந்து ஐந்து புளியங்கொட்டையை எண்ணி என் பக்கம் தள்ளுவாள். “கடன்தான் பிள்ளே. திருப்பித் தந்துரணும்.” அந்த ஐந்தை வைத்து ஒரு குழியில் தொடங்கி, மறுபடி நான்கு குழிக்கு ஏறிய ஒரு சாயங்காலம் இப்போதும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. கடனை அடைத்தேன். அவள் எண்ணித்தான் வாங்கிக்கொண்டாள்.

பல்லாங்குழிப் பலகை இப்போதும் வீட்டில் இருக்கிறது. இரண்டு பேர்தான் ஆடலாம் என்பதால் சனிக்கிழமைக்கு ஒத்துவரவில்லை. வாரநாட்களில் பேரனுடன் நான் ஆடுகிறேன். கடனும் உண்டு.

எழுத்துக்கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளை ஒரே வாரத்தில் ஓரங்கட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நூறு கட்டைகளில் அவளுக்கென்று ஒன்றுகூட இல்லாத ஆட்டத்தை அவள் முன்னால் விரிக்க எனக்கு மனம் வரவில்லை. சதுரங்கம் இரண்டு பேருக்கு மட்டும். மகனும் பேரனும் ஞாயிறு காலையில் வைத்துக்கொள்கிறார்கள்.

கேரம் பற்றி எனக்கு ஒரு பழைய ஏக்கம் உண்டு. எங்கள் ஊரில் தேரடிப் பக்கம் ஒரு மன்றம் இருந்தது. நடுவில் தொங்கும் குண்டு பல்பின் கீழ் பெரிய பலகை. அண்ணன்மார்கள் போரிக் பவுடரைத் தூவித் தேய்ப்பதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் போனதில்லை. பிறகு அதே கேரமில் சென்னை வியாசர்பாடியின் இளவழகி 2008-ல் உலக சாம்பியன் ஆனார். 2024-ல் சென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அந்தச் செய்தி வந்த நாளில்தான் எங்கள் வீட்டுக்குக் கேரம் பலகை வாங்கினேன். மருமகள் சிவப்பை அடித்துத் துணைக்காயையும் போட்டுவிட்டுச் சிரிப்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. ஆனால் அம்மாவுக்குக் குனிய முடியாது. விரலில் வாதம். ஆகவே கேரம் மாதத்துக்கு ஒரு தடவைதான், அவள் சீக்கிரம் படுத்துக்கொள்ளும் நாளில்.

இந்த இடத்தில்தான் என் சோதனை தலைகீழானது. எல்லோருக்கும் பிடித்த ஆட்டம் எது என்று தேடிக்கொண்டிருந்தவள், அம்மா ஆடக்கூடிய ஆட்டம் எது என்று தேட ஆரம்பித்தேன். அவள் ஆடக்கூடியதைப் பேரனும் ஆடுவான். மற்ற நாலு பேருக்கும் எதுவும் கஷ்டமில்லை.

பரமபதத்தை மார்கழியில் விரித்தோம். ஏறுவதும் இறங்குவதும் முழுக்க விழும் எண்ணைப் பொறுத்தது, யோசிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் ஏகாதசி இரவு கண்விழிக்க அதை வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதித் தூக்கத்தில் இருப்பவர்கூட ஆடலாம், ஆறு வயதுக் குழந்தை தாத்தாவைத் தாண்டிப் போகலாம். எங்கள் ஊர்க் கோயிலில் நம்மாழ்வார் அமர்ந்த புளியமரம் இருக்கிறது. இரவிலும் இலை மூடாதாம், உறங்காப்புளி என்று பெயர். அந்த ஊரில் ஏகாதசியன்று தூங்கிவிழும் பிள்ளைகளை “மரமே முழிச்சிருக்கு, உனக்கென்ன?” என்று எழுப்புவார்கள். இதே ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய், சொர்க்கமும் சாமிகளும் உதிர்ந்து, நூறு கட்டப் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது. பேரனுக்கு அதுதான் முதலில் தெரிந்திருந்தது. பெரிய பாம்பு கடித்து அவன் காய் உச்சியிலிருந்து அடிவரிசைக்கு இறங்கியபோது அம்மா அந்தப் பாம்பின் கதையைச் சொன்னாள். ஆட்டம் நின்றே போயிற்று, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் வாராவாரம் ஆட அதில் சரக்கு போதாது.

மிஞ்சியது தாயம்.

பேரன் முதலில் “இது லூடோதானே?” என்றான். உறவுதான். நம் நாட்டுப் பச்சீசியை எளிதாக்கி 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே லூடோ. ஆனால் கணக்கு டீச்சராக ஒரு வித்தியாசத்தை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். தாயக்கட்டைக்கு நாலு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையும் சேர்ந்து விழக்கூடிய வகை பதினாறு. அதில் காய் இறக்கத் தேவையான, ஒன்றும் வெறுமையும் சேர்ந்த தாயம் இரண்டு வகையில்தான் வரும், அதாவது எட்டில் ஒன்று. லூடோவில் காய் இறக்க ஆறில் ஒரு வாய்ப்பு. ஆக, தாயத்தில் காத்திருப்பது அதிகம். ஆனால் இறங்கிவிட்டால் கதை வேறு. தாயம், ஐந்து, ஆறு, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு, இந்த நான்கில் எது விழுந்தாலும் மறுபடி போடலாம். பதினாறில் ஆறு. லூடோவில் மறு ஆட்டம் ஆறில் ஒன்றுதான். இங்கே எண்ணிக்கை அடுக்கடுக்காக விழும், அடுக்கிய எண்களை எந்தக் காய்க்கு எதைக் கொடுப்பது என்று நாமே பிரிக்கலாம். அதிர்ஷ்டம் கையில் போடுகிறது, பங்கு பிரிப்பது மூளை.

அந்தப் பங்கு பிரிப்பில் அம்மாவை மிஞ்ச வீட்டில் ஆள் இல்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கட்டையை உருட்டுவாள். பேரன் தரையில் உட்கார்ந்து அவளுக்காகக் காய் நகர்த்துவான். இருவரும் ஒரே பக்கம். “ஆறு, அஞ்சு, தாயம், மூணு. எய்யா, தாயத்துக்கு இறக்கு. ஆறை முன்னாடி நிக்கறதுக்குக் குடு. அஞ்சையும் மூணையும் சேத்து உங்க தாத்தாவை வெட்டு.” அவன் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பதற்குள் அவள் கை அடுத்த உருட்டலுக்குப் போயிருக்கும், வெட்டினால் மறு ஆட்டம் உண்டே. எங்கள் வழக்கப்படி ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது. ஆகவே யாரும் வெட்டுப்படாத மலைக் கட்டத்தில் ஒதுங்கியே கிடந்து நடுக்கட்டத்தில் பழம் ஏற முடியாது. வெட்டுப்பட்டவரும் வெளியே போவதில்லை. காய் கைக்குத் திரும்பும், மறுபடி தாயத்துக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசிக் காய் பழமாகும்வரை ஆறு பேரும் கட்டத்தைச் சுற்றியே இருக்கிறோம்.

ஒரு நாள் பேரன் என் பக்கம் மாறி உட்கார்ந்தான். அம்மா தயங்காமல் அவன் காயை மூன்று தடவை வெட்டினாள். அவன் முகம் சுருங்குவதைப் பார்த்து நான் மெதுவாக, “அம்மா, சின்னப் பிள்ளைம்மா” என்றேன். “சின்னப் பிள்ளைக்கு வேற கட்டமா போட்டிருக்கு? அவன் என்னை வெட்டட்டும், யாரு வேண்டாங்கா?” என்றாள். அடுத்த சுற்றில் அவன் வெட்டினான். வெட்டிவிட்டு அவன் போட்ட கூச்சல் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

மாடி என்றதும் இன்னொன்று. கீழ்வீட்டில் கைக்குழந்தை வந்த பிறகு, டைல்ஸ் தரையில் பித்தளை விழும் சத்தம் இரவில் தொந்தரவு என்று சொல்லி அனுப்பினார்கள். நியாயம்தான். பாய் விரித்து அதன்மேல் உருட்டினோம். அம்மாவின் உற்சாகம் அன்றே வற்றியது. காது மந்தம் அவளுக்கு. நாங்கள் பேசுவதில் பாதி எட்டாது. கட்டையின் கணீரென்ற ஒலி எட்டும். அவள் முறை வந்ததை, மற்றவர்களுக்கு ஏதோ விழுந்ததை, அதை வைத்துத்தான் அவள் அறிந்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. “சத்தமில்லாம என்னட்டி தாயம்?” என்றாள். இவர் ஒரு பழைய மரமணையைத் தேடி எடுத்து, அதற்கடியில் மடித்த போர்வையைக் கொடுத்து முக்காலிமேல் வைத்தார். மணையில் விழும் சத்தம் அம்மாவுக்குப் போகிறது, கீழே போவதில்லை. எட்டரைக்கு முன்பே இப்போது அவள் நாற்காலிக்கு வந்துவிடுகிறாள்.

போன சனிக்கிழமை கட்டம் போடும் வேலையைப் பேரன் தானே செய்வதாகச் சொன்னான். சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஸ்கேல் வைத்து, நாக்கைக் கடித்தபடி, கூடத்துத் தரையில் அழகாகக் கோடு இழுத்தான். அம்மா கைத்தடியை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். தடி நுனியால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினாள். ஆறுக்கு ஆறு போட்டிருந்தான்.

“எய்யா, ஒத்தப்படையா இருக்கணும்லா. நடுவுல பழம் எங்க ஏறும்?”

அவன் கட்டத்தின் நடுவைத் தேடினான். நான்கு கட்டம் சந்திக்கும் ஒரு புள்ளிதான் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஈரத்துணி கேட்டுக்கொண்டு சமையலறைக்கு ஓடினான்.